காற்புள்ளிக்கு முன்

இருபத்தேழு ஆஸ்பத்திரி.
இருபத்தேழிலும் ஒரே பெயரில் ஒரு கோப்பு.
உள்ளே எழுதியிருந்தது ஒன்றல்ல.

ஆரையம்பதியில் 'மருந்து' என்று கேட்டால்
புதிய சேர்வர் கதவு திறக்கும்.
வாகரையில் யாரோ 'மருந்து2' என்று எழுதி
அடைப்புக்குறி ஒன்றை மூடாமல்
மாற்றலாகிப் போயிருந்தார்.
செங்கலடியில் 'மருந்து' என்றால்
பயிற்சி வகுப்புக்கு நாங்கள் வைத்த பழைய பெட்டி.
ஒன்பது நாள்
செங்கலடி கொடுத்த இன்சுலின் எல்லாம் அதற்குள் போனது.
'சோதனை நோயாளி ஒன்று', 'சோதனை நோயாளி இரண்டு',
அவர்களுக்குப் பக்கத்தில்
உண்மையான கால் புண்ணோடு உண்மையான மனிதர்கள்.

றிஸ்மியா சொன்னாள்:
"மட்டக்களப்பில ஒரே ஒரு பெயர்ப்புத்தகம் வைப்பம்.
பெட்டி இடம் மாறினா ஒரு வரியை மாத்து,
எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.
கோப்புத் திருத்த மோட்டார் சைக்கிளில
இனி என்னால ஏலாது."
ஓம் என்றேன்.
என் முதுகெலும்பும் ஓம் என்றது.
ஆவணியில் மாற்றினோம்.
இருபத்தேழு கோப்பையும் அழித்தது நான்.

மார்கழியில் குளங்கள் வான் பாய்ந்தன.
எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவில்
எது தெரு எது வாவி என்று இல்லை.
பைபர் எங்கோ அறுந்தது.

வெல்லாவெளியிலிருந்து யோகச்செல்வி போன் எடுத்தா:
"பெட்டி இஞ்சதான் கிடக்கு கா.
பக்கத்து அறையில இரையுது, பச்சை லைட்டும் எரியுது.
சுவரில கை வச்சா சூடு தெரியுது.
இந்தக் கம்பியூட்டர் மட்டும்
அப்படி ஒரு பெயரே இல்ல எண்டுது."

ஆறடி தள்ளியிருந்த பெட்டியின் பெயரை
அது மட்டக்களப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தது.
மட்டக்களப்பு தண்ணிக்கு அங்கால்.

மூன்று வயதுப் பிள்ளை, நூற்று மூன்று காய்ச்சல்.
எந்த மருந்து ஒவ்வாது என்பது
சுவருக்கு அந்தப் பக்கம் எழுதியிருக்கிறது.
முகவரியை வாயால் சொன்னேன்,
எண் எண்ணாக, புள்ளி புள்ளியாக.
அவவின் போனில் ஆறு வீதம் சார்ஜ்.
"கடைசியில எத்தனை அடைப்புக்குறி மூடுற?"
"நாலு."
"நாலும் போட்டாச்சு."
மறுகா மழைச் சத்தம் மட்டும்.
மறுகா, "வந்திட்டுது."
லைன் செத்தது.
பெனிசிலின் கொடுக்கவில்லை என்று
வெள்ளம் வடிந்த பிறகுதான் கேட்டறிந்தேன்.

தையில் கூட்டம்.
அவள் செங்கலடியைச் சொன்னாள்,
நான் வெல்லாவெளியைச் சொன்னேன்,
தேத்தண்ணி ஆறியது.

அமைப்பில் ஒரு வரி இருக்கிறது:
எங்கே முதலில் கேட்பது, எங்கே பிறகு கேட்பது.
இரண்டு சொல், நடுவில் ஒரு காற்புள்ளி.
நடுவப் புத்தகம் முன்னால் நின்றால்
வெள்ள நாளில் ஒவ்வொரு தேடலும்
காத்துக் களைத்த பின்பே வீட்டைத் திரும்பிப் பார்க்கும்.
வீட்டுக் கோப்பு முன்னால் நின்றால்
பழைய முகவரி கூசாமல் பதில் சொல்லும்.
தெரியாது என்கிறவனைக் கடந்து
அடுத்தவனிடம் போகலாம்.
பிழையாகத் தெரிந்தவன்
யாரையும் அடுத்த படலைக்கு அனுப்புவதில்லை.

புத்தகத்தை முன்னால் வைத்தோம்.
காத்திருக்க ஐந்து விநாடி என்றாள், மூன்று என்றேன்,
மூன்று.
காற்புள்ளிக்குப் பின்னால் உள்ளூர்க் கோப்பு,
அதற்குள் ஒரே ஒரு பெயர்:
பக்கத்து அறை.
கையோடு கையாக
பெட்டிகளுக்கு எண்களும் மாற்றிக் கொடுத்தோம்.

மாசியில் வெல்லாவெளிக்கு நானே போனேன்.
மருந்துப் பெட்டி மட்டையைக் கிழித்து
முகவரியை மார்க்கரால் எழுதி,
மூடும் அடைப்புக்குறி நாலும் தடிப்பாய்ப் போட்டு
சுவரில் ஒட்டியிருந்தா யோகச்செல்வி.
"இது இனித் தேவையில்லை கா."
"அடுத்த முறை எதை அழிப்பியள் எண்டு
எனக்கென்ன தெரியும்?"

மட்டையைப் பார்த்தேன்.
தையில் நாங்கள் மாற்றிய எண்;
அதில் பழையதே இருந்தது.
மார்க்கரை வாங்கித் திருத்தினேன்.